செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் காலி?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணினி பற்றியது என்று பார்த்ததும் கடந்து போய்விட வேண்டாம். பள்ளியில் படித்த வகுத்தல் கணக்கு நினைவிருந்தால் போதும், முழுவதும் புரியும். கணினியின் கருப்புத் திரையில் வரிவரியாக ஓடும் எண்களை எடுத்து, நாம் தினமும் செய்தி பார்க்கும் அதே பிரவுசரில் படமாக வரைவது எப்படி, வரைந்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் விஷயம். எனக்கு அதில் கிடைத்தது ஐந்து பிள்ளைகளின் பாட நேரம்.

முதலில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

35 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசியாக வேலை பார்த்தது பச்சைமலை அடிவாரத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. இப்போது குடியிருப்பது துறையூரில். முட்டி வலி வந்த பிறகு பஸ் ஏறி இறங்குவது சிரமமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு, ஞாயிறு தவிர மற்ற நாட்களில், மாலை 6.30 முதல் 7.30 வரை வீடியோ காலில் பாடம் நடத்துகிறேன். ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து பேரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

பாடம், என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம் என்பது முழுப்பெயர். மத்திய அரசின் திட்டம். எட்டாம் வகுப்பில் இந்தத் தேர்வை எழுதித் தேர்வாகும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கு 48,000. மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90 கேள்வி. டவுனில் இருப்பவர்களுக்கு 48,000 பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டிய ஒரு பெண்பிள்ளையின் வீட்டில், "படிச்சது போதும்" என்ற பேச்சை நான்கு வருடம் தள்ளிப்போட வைக்கும் தொகை அது.

அந்த ஒரு மணி நேரப் பாடத்தில்தான் தொல்லை. நான் பேசிக்கொண்டே இருப்பேன். திரையில் ஐந்து முகமும் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இணைப்பு திரும்ப வரும். பிள்ளைகளை மறுபடி உட்கார வைத்து, விட்ட இடத்தைப் பிடிக்க இன்னும் இரண்டு நிமிடம். ஒரு மணி நேரத்தில் இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் கால் மணி நேரம் போய்விடும்.

எங்கள் தெருவுக்கு இணைய இணைப்பு கொடுப்பவர்களின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஸ்பீடு கரெக்டா இருக்கு சார்" என்றார்கள். இரண்டாவது முறை, "உங்க வீட்டு வைஃபை பாக்ஸைப் பாருங்க சார்" என்றார்கள். மூன்றாவது முறை, "99 பர்சென்ட்டுக்கு மேல லைன் இருக்கு சார், அதுக்கு மேல யாராலும் தர முடியாது" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த 99 சரியான கணக்குதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மாணவர் இப்போது பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் சொன்னேன். "சார், வாயால சொன்னா கேட்க மாட்டாங்க. பிங் போட்டு எழுதி வையுங்க" என்றார்.

பிங் என்பது ஒரு சின்ன கட்டளை. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க ஒலியை அனுப்பி எதிரொலி வருகிறதா என்று கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். வேலையும் அதேதான். வகுப்பில் பெயர் கூப்பிட்டு "உள்ளேன் ஐயா" வருகிறதா என்று பார்ப்பது போல, தொலைவில் இருக்கும் ஒரு கணினியைக் கூப்பிடும். பதில் வந்தால் எத்தனை மில்லி செகண்டில் வந்தது என்று ஒரு வரி எழுதும். நேரத்தையும் குறி, பதில் வராவிட்டால் அதையும் ஒரு வரியாக எழுது என்று கேட்டுக்கொண்டால் அப்படியே செய்யும்.

இரண்டு பிங் ஓடவிட்டேன். ஒன்று எங்கள் வீட்டு வைஃபை பெட்டியைக் கூப்பிடும். மற்றது வெளியே இருக்கும் ஒரு பொது முகவரியைக் கூப்பிடும். காரணம் எளிது. வீட்டுப் பெட்டியும் பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். வீட்டுப் பெட்டி பதில் சொல்லி, வெளி முகவரி சொல்லவில்லை என்றால் கோளாறு வாசலுக்கு அப்பால். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதனால் கரண்ட் போய் வருவதால் எங்கள் பெட்டி அணையாது.

10 விநாடிக்கு ஒரு கூப்பாடு. ஒரு நாளைக்கு 8,640 வரி. மூன்று வாரம் ஓடவிட்டால் 1,81,440 வரி. அது ஒரு பிங்குக்கு மட்டும்.

இப்போது இதை யார் படிப்பது?

கருப்புத் திரையில் எண்கள் மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கின்றன. கணினிக்கு அது பழக்கம், மனுஷக் கண்ணுக்கு இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, சராசரி எடுத்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அந்த அலுவலகம் செய்ததும் அதைத்தான். ஒரு நாளில் ஏறத்தாழ 10 நிமிடம் இணைப்பு போகிறது. சில நாள் போவதே இல்லை. வாரத்துக்கு 60 நிமிடம் என்று வையுங்கள். வாரத்துக்கு மொத்தம் 10,080 நிமிடம். 60-ஐ 10,080-ஆல் வகுத்தால் 0.6 சதவீதம். ஆக, 99.4 சதவீதம் இணைப்பு இருக்கிறது! நடு இரவு 2 மணிக்கு நாம் தூங்கும்போது அருமையாக இருந்த இணைப்பும், மாலை 6.45-க்குப் பின்ன எண்கள் நடத்தும்போது இல்லாமல் போன இணைப்பும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கப்பட்டுவிட்டன. சராசரி என்பது அப்படிப்பட்ட சட்டி.

பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியல் அறிஞர் 1973-ல் இதை அழகாகக் காட்டினார். நான்கு அட்டவணைகள் தயாரித்தார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலும் எக்ஸ் மதிப்புகளின் சராசரி 9, ஒய் மதிப்புகளின் சராசரி 7.5. அவற்றின் வழியே போடும் நேர்கோடும் நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே. கணக்காக மட்டும் பார்த்தால் நான்கும் ஒரே பிள்ளையின் நான்கு போட்டோ என்று நினைப்போம். வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறிய புள்ளிகள், ஒன்று வளைவு, ஒன்று நேர்கோடும் விலகிய ஒரு புள்ளியும், ஒன்று செங்குத்தாக அடுக்கிய வரிசையும் தள்ளி நிற்கும் ஒற்றைப் புள்ளியும். வரைந்து பார்க்காமல் எண்ணை நம்பாதே என்பதுதான் அவர் சொன்ன பாடம்.

எனவே வரைவது என்று முடிவு. இனிமேல் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஏனென்றால் இதில் இருப்பது முழுக்க முழுக்க நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் கணக்கு.

முதலில் நேரம். பிங் எழுதும் நேரம் "மாலை 6.40" என்று இருக்காது. பத்து இலக்கத்தில் ஒரு பெரிய எண் இருக்கும். அது, 1970 ஜனவரி 1 நள்ளிரவு முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. கிரீன்விச் நேரப்படி. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஐந்தரை மணி என்பது 19,800 விநாடி. அதை முதலில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. கூட்டி வந்த எண்ணை 86,400-ஆல் வகுத்தால் ஈவு, எத்தனையாவது நாள் என்று சொல்லும். மீதி, அந்த நாளில் என்ன நேரம் என்று சொல்லும்.

ஈவு நாள், மீதி நேரம். பிள்ளைகள் "மீதியை எதுக்கு சார் எழுதணும்" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள்! இனி கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1970 ஜனவரி 1 ஒரு வியாழக்கிழமை. அதை 0 என்று வைத்து எண்ணினால், நாள் எண்ணை 7-ஆல் வகுத்து மீதி 0 வந்தால் வியாழன், 1 வந்தால் வெள்ளி, 5 வந்தால் செவ்வாய். சோதித்துப் பாருங்கள்: 20,000-வது நாள் என்பது 2024 அக்டோபர் 4. 20,000-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. அன்று வெள்ளிக்கிழமைதான். காலண்டர் வேண்டாம், கிழமை கைக்கு வந்துவிட்டது.

அடுத்தது பொறுக்குவது. லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் ஒரே ஒரு சின்ன வேலை செய்யும். ஒன்றின் வாயிலிருந்து வருவதை அடுத்ததின் காதுக்குள் ஊற்றலாம். இதற்குக் குழாய் என்றே பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய் சொல்லிக்கொண்டிருந்த யோசனையை 1973-ல் கென் தாம்சன் யூனிக்ஸில் செய்து முடித்தார். ரைஸ் மில்லில் நெல் ஒரு மிஷினில் உமி நீங்கி, அடுத்ததில் தவிடு நீங்கி, கடைசியில் அரிசியாகக் கொட்டுகிறதே, அதே ஏற்பாடு. என் 1,81,440 வரியும் ஒரு பக்கம் போனது. "பதில் வரவில்லை" என்ற வரிகள் மட்டும் சலித்து வந்தன. ஆயிரத்துச் சொச்சம் வரி. அதிலிருந்து நேரத்தை மட்டும் எடுத்து, 19,800 கூட்டி, வகுத்து, ஈவையும் மீதியையும் கொடுத்தது 'ஆக்' என்ற கருவி. 1977-ல் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேர் செய்தது. மூவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்.

கடைசி வேலை வரைவது. பிரவுசர் என்றால் வீடியோ பார்க்கும் பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் ஒரு வரைபடத்தாள் ஒளிந்திருக்கிறது. எஸ்.வி.ஜி. என்ற முறை, 2001-ல் இணையத் தரநிலையாக அறிவிக்கப்பட்டது. அதில் படத்தை எழுத்தால் எழுதலாம். "இடமிருந்து 560, மேலிருந்து 90, இங்கே ஒரு வட்டம், சிவப்பு நிறம்" என்பதை அதன் பாஷையில் ஒரு வரியாக எழுதினால் பிரவுசர் வட்டம் போடும். கருப்புத் திரையிலிருந்து வருவதும் எழுத்து, பிரவுசருக்கு வேண்டியதும் எழுத்து. ஒரு எழுத்தை இன்னொரு எழுத்தாக மாற்றிக் கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை இரண்டு தட்டு தட்டினால் படம். இணைய இணைப்புகூட வேண்டாம். எனக்கு இருந்த பிரச்சினைக்கு அது எவ்வளவு வசதி என்று பாருங்கள்!

அளவுத்திட்டம் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நாளை 720 புள்ளி நீளக் கோடாக வைத்தேன். நாளுக்கு 1,440 நிமிடம். ஆக ஒரு நிமிடத்துக்கு அரைப் புள்ளி. மாலை 6.40 என்பது நள்ளிரவிலிருந்து 1,120 நிமிடம். பாதி, 560. அவ்வளவுதான், நேர் விகிதம். ஒரு நாளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 20 புள்ளி உயரம், 21 வரிசை. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நம் வரைபடத்தாளில் ஆதிப்புள்ளி கீழே இடது பக்கம். பிரவுசரில் அது மேலே இடது மூலை. ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும். நாட்களை மேலிருந்து கீழாக அடுக்குவதற்கு அதுவே சௌகரியம்.

இங்கே ஒரு நேர்மையும் தேவைப்படுகிறது. இணைப்பு போன இடத்தில் பளிச்சென்று பெரிய சிவப்பு வட்டம் போட ஆசையாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு புள்ளி அகல வட்டம் என்றால் என் அளவுத்திட்டத்தில் அது எட்டு நிமிடம். போனது மூன்று நிமிடம், படம் காட்டுவது எட்டு நிமிடம்! படம் என் பக்கம் பேசும், ஆனால் உண்மை பேசாது. அதனால் வட்டத்தை விட்டுவிட்டு ஒரு புள்ளி அகலமுள்ள மெல்லிய செங்குத்துக் கோடுகளாகவே போட்டேன். புகார் கொடுப்பவன் முதலில் தன் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சேர்த்து முப்பது வரி நிரல். இரண்டு மாலைப் பொழுது பிடித்தது.

படம் வந்தது. வீட்டுப் பெட்டிக்கான சாம்பல் நிறக் கோடு ஒன்றுகூட இல்லை. 21 நாளும் "உள்ளேன் ஐயா" சொல்லியிருக்கிறது. கோளாறு வாசலுக்கு வெளியே என்பது அதிலேயே உறுதி. சிவப்புக் கோடுகள் காலை 10 மணிக்கு மேல் ஒன்றிரண்டு, மாலை 5.30-லிருந்து 8 மணிக்குள் ஒரு கொத்து. நடு இரவில் சுத்தமாக இல்லை. விடியற்காலையில் இல்லை.

பிறகுதான் காலியான வரிசைகள் கண்ணில் பட்டன. மேலிருந்து எண்ணினால் ஏழேழு நாள் இடைவெளியில் மூன்று வரிசைகள் வெறுமையாக இருந்தன. 7-ஆல் வகுத்த மீதியை வைத்து ஒரே கிழமைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினேன். மூன்று செவ்வாய்க்கிழமையும் சேர்ந்து, கழுவி விட்ட சிமெண்டுத் தரை போல ஒரு வெள்ளைப் பட்டை.

செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் காலி? எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

அந்தப் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, லைன் பார்க்க வரும் தம்பியை வரச் சொன்னேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வரும்போதே சலிப்போடுதான் வந்தார். இதற்கு முன் இரண்டு தடவை வந்து, அந்த நேரத்தில் இணைப்பு நன்றாக இருந்ததால் திரும்பிப் போனவர். நான் எண் எதுவும் சொல்லவில்லை. படத்தைக் கையில் கொடுத்து, "இது நேரம் தம்பி, இது கிழமை, சிவப்பு கோடு வந்தா இணைப்பு இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

அரை நிமிடம் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை மில்லு லீவு சார்" என்றார்.

தெருமுனையில் ஒரு மாவு மில் இருக்கிறது. அதற்கு எதிர்க் கம்பத்தில்தான் எங்கள் தெருவுக்கு இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. மில்லுக்குக் கரண்ட் போகும் அதே கம்பியிலிருந்துதான் அந்தப் பெட்டிக்கும். மோட்டார் ஓட ஆரம்பிக்கும் நொடியில், சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அந்த நொடி வோல்டேஜ் தொப்பென்று விழும். மாலையில் ஊரெல்லாம் விளக்கு போட்டதும் வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கியிருக்கும். பெட்டியின் அடாப்டரும் பழசு. பெட்டி அணைந்து, மறுபடி எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிடம். இதையெல்லாம் அந்தத் தம்பிதான் மளமளவென்று சொன்னார். அவருக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு கம்பமும் தெரியும். என்னிடம் இருந்தது எண், அவரிடம் இருந்தது தெரு. இரண்டும் சந்தித்துக்கொள்ள ஒரு இடம் இல்லாமல் இருந்தது. படம் அந்த இடத்தைக் கொடுத்தது.

நான் இந்தப் பதிவில் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் இதுதான் நண்பர்களே. படம் போடுவது எதிராளியை வாயடைக்க அல்ல. அவருக்குத் தெரிந்ததை அவர் வாயால் சொல்ல வைக்க. ஒன்றே முக்கால் லட்சம் வரிக்கு மேல் எழுதி வைத்திருந்தாலும், அதை அந்தத் தம்பியிடம் நீட்டியிருந்தால் மூன்றாவது தடவையும் திரும்பிப் போயிருப்பார். அவர்மேல் தப்பும் இல்லை.

ஆனாலும் கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகம் போகாது. இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது என்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. செவ்வாய்க்கிழமை வேறு ஏதோ ஒன்றுகூட நிற்கலாமே! சோதித்துவிடுவது என்று, பாடம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு கிலோ கேழ்வரகை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மில்லுக்கார அம்மா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு முறை மோட்டார் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொண்டேன். "என்ன சார் டைம் பாக்குறீங்க, அவசரமா" என்று கேட்டார். "இல்லம்மா, கணக்கு" என்றேன்.

வீட்டில் படத்தை மனைவி போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பைத்தான் என்ற மொழிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. ஒரே கட்டளையில் அதை ஓடவிட்டால் மடிக்கணினியில் இருக்கும் படத்தை வீட்டில் உள்ள எந்தப் போனின் பிரவுசரிலும் திறக்கலாம். நிமிடத்துக்கு ஒரு முறை படம் புதுப்பிக்கும்படி வைத்திருந்தேன். வெளி இணைப்பு செத்தாலும் வீட்டுக்குள் வைஃபை உயிரோடு இருக்கும், அதனால் பார்ப்பதற்குத் தடை இல்லை. திரும்பி வந்து என் குறிப்பையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நான்கில் மூன்று முறை, மோட்டார் போட்ட அதே நிமிடத்தில் சிவப்புக் கோடு தொடங்கியிருந்தது. ஒரு முறை மட்டும் பெட்டி தாக்குப்பிடித்திருக்கிறது. எறும்பு என்று சொன்னவர், "நாலுல மூணு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மறுநாள் லைன் தம்பி அலுவலகத்தில் பேசி, கம்பத்துப் பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்தார். அடாப்டரையும் மாற்றினார். வேலை அரை மணி நேரம். மில் வழக்கம்போல ஓடுகிறது. அவர்கள் பிழைப்பில் யாரும் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரப் படத்தில் மாலை நேரம் முழுவதும் செவ்வாய்க்கிழமை மாதிரியே இருக்கிறது.

பழைய படத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். மனத்திறன் தேர்வில் வருவது போன்ற கேள்விதானே இது! "என்ன தெரியுது சொல்லுங்க" என்றேன். நான்கு பேர் சிவப்பு எங்கே அதிகம் என்று தேடினார்கள். ஒரு பெண் மட்டும், "சார், ஒண்ணுமே இல்லாத வரிசைதான் வித்தியாசமா இருக்கு" என்றாள். எதற்காக என்று மற்றவர்களை யோசிக்க வைத்ததில் அன்றைய அரை மணி போனது. அது வீணான அரை மணி இல்லை.

இதில் ஆர்வம் வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்னும் பெரிதாகச் செய்ய ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன. 1986-லிருந்து இருக்கும் க்னூபிளாட் கருப்புத் திரையிலிருந்தே படம் வரைந்து பிரவுசருக்கு ஏற்ற வடிவத்தில் கொடுக்கும். மைக் போஸ்டாக் 2011-ல் வெளியிட்ட டி3 நிரல்தொகுப்பில் படத்தைத் தொட்டால் நகரும்படி, விரியும்படி செய்யலாம். லட்சக்கணக்கான புள்ளிகள் என்றால் எஸ்.வி.ஜி. திணறும், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியையும் அது தனித்தனிப் பொருளாக நினைவில் வைத்திருக்கும். அப்போது கேன்வாஸ் என்ற இன்னொரு வழி இருக்கிறது. ஆனால் ஆரம்பிக்க இவை எதுவும் வேண்டியதில்லை.

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் எண்களை எழுதி வைக்கிறோம். சர்க்கரை அளவு, பிரஷர், கரண்ட் மீட்டர், கிணற்று மட்டம், மழை அளவு. டைரியில் கிடக்கிறது, யாரும் புரட்டுவதில்லை. ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் தேதி, நேரம், எண் என்று வரிக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூன்று மாதம் கழித்து வரைந்து பாருங்கள். உங்கள் உடம்பின் கணக்கை ஊர் பேர் தெரியாத ஆப்பில் ஏற்ற வேண்டாம். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். வரைந்ததைப் பார்த்து நாமே வைத்தியம் பார்த்துக்கொள்வதும் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்தது அவருக்குக் கண்ணில் படும்.

வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786-ல் ஒரு நாட்டின் வரவு செலவைக் கோடாகவும் பட்டையாகவும் வரைந்து புத்தகம் போட்டார். 1801-ல் வட்டத்தைப் பங்கு போட்டுக் காட்டினார். நம் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் வட்ட விளக்கப்படம் அங்கிருந்து வந்ததுதான். இன்று மாலை 6.30-க்குப் பாடம் அது. பிள்ளைகள் அவரவர் வீட்டில் ஒரு நாளின் 24 மணி நேரம் எப்படிச் செலவாகிறது என்று எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மணிக்கு 15 பாகை. கோணமானி எடுத்து வைத்தாயிற்று.